கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தால் ஐயெல்ட்ஸ் ரைட்டிங் மதிப்பெண் ஏறுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பி.இ. முடித்திருக்கிறீர்கள், அயர்லாந்தில் எம்.எஸ்சி. படிக்க விண்ணப்பிக்கிறீர்கள். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐயெல்ட்ஸ் அகடெமிக் தேர்வில், ஒவ்வொரு பகுதிக்கும் 9-க்கு, லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. சராசரி 6.5 வந்துவிட்டது. ஆனால் எந்தப் பகுதியிலும் 6-க்குக் கீழே இருக்கக்கூடாது என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. ஆப்பில் தினமும் நூறு இலக்கணக் கேள்விகள் போடுகிறீர்கள், தொண்ணூறு சரியாக வருகிறது. இன்னும் எங்கே பயிற்சி செய்யலாம், எத்தனை சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும், அந்த ஆப்புக்குப் பணம் கட்டலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பயிற்சியில் தொண்ணூறு சரியாக வருகிறவருக்கு, எழுத உட்கார்ந்தால் மட்டும் ஏன் தப்பு வருகிறது? அதற்கு விடை கிடைத்தால் மற்றவை சுலபம்.

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். சில காலம் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு, அப்புறம் வெளிநாடு போகத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு. ஐயெல்ட்ஸ் விடைத்தாள் திருத்துகிற ஆள் இல்லை. உங்கள் கட்டுரையையும் நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் தேர்வின் விதிமுறைகள் பற்றியவை உறுதியானவை. தமிழ் மாணவர்களின் பிழைகள் பற்றியவை பல கட்டுரைகளைத் திருத்திய அனுபவத்தில் வந்தவை. உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உறுதியான விஷயம். ஐயெல்ட்ஸில் இலக்கணத்துக்கென்று தனித் தாள் கிடையாது. ரைட்டிங் பகுதியில் ஒரு மணி நேரம், இரண்டு பணிகள். முதல் பணியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். இரண்டாவதில் குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை. இரண்டாவது பணிக்கு முதலாவதைப் போல இரண்டு மடங்கு எடை. ஒவ்வொன்றையும் நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்துகள் கோவையாகப் போகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் சம எடை. ஆகவே ரைட்டிங் மதிப்பெண்ணில் சரிபாதி சொல்லும் இலக்கணமும்தான். ஸ்பீக்கிங்கிலும் அதே கணக்கு. இந்த அளவுகோல்களின் விளக்கத்தைத் தேர்வு நடத்துகிறவர்களே இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டும் பலர் அந்தச் சில பக்கங்களைப் படித்ததே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அதில் இலக்கணத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். 5 வாங்குகிறவர் சில வகை வாக்கியங்களையே திரும்பத் திரும்ப எழுதுகிறார், சிக்கலான வாக்கியத்துக்குப் போனால் தடுமாறுகிறார், பிழைகள் அடிக்கடி வருகின்றன. 6 வாங்குகிறவர் எளிய வாக்கியங்களையும் சிக்கலான வாக்கியங்களையும் கலந்து எழுதுகிறார், பிழை உண்டு, ஆனால் அர்த்தம் புரிவதை அது அதிகம் கெடுப்பதில்லை. 7-க்குப் பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். எங்கேயும் விதிகளைப் பற்றிய அறிவைக் கேட்கவில்லை. நீங்களாக எழுதிய வாக்கியங்களில் எத்தனை சுத்தமாக இருக்கின்றன, எத்தனை விதமாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

இலக்கணத்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் 5.5-க்குக் காரணம் இலக்கணம்தானா? முதல் பணியில் வரைபடத்தின் ஒட்டுமொத்தப் போக்கு என்ன என்று ஓரிரு வாக்கியம் எழுத வேண்டும். அது இல்லாமல் எண்களை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் முதல் அளவுகோலில் 5-ஐத் தாண்டுவது கடினம். இரண்டாவது பணியில் 'இரு தரப்பையும் விவாதித்து உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்க, ஒரு தரப்பை மட்டும் எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறைய. அப்படி இருந்தால் நூறு இலக்கணக் கேள்விகள் போட்டு ஒரு பயனும் இல்லை. இதை ஒரு நாளில் சரிசெய்துவிடலாம் என்பதால் முதலில் சொல்கிறேன்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். ஆப்பில் வரும் கேள்வி எப்படி இருக்கிறது? ஒரு வாக்கியம், நடுவில் ஒரு கோடு, கீழே நான்கு விடைகள். 'இந்த இடத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்' என்பதை அந்தக் கோடே சொல்லிவிடுகிறது. 'ஏ, ஆன், தி' என்று விடைகள் இருந்தால், பிரச்சினை ஆர்ட்டிகிள் என்பதும் தெரிந்துவிடுகிறது. பாதி வேலை முடிந்துபோன பிறகுதான் உங்களிடம் கேள்வியே வருகிறது. கட்டுரையில் யாரும் கோடு போட்டுத் தருவதில்லை. 250 சொற்களில் எங்கெல்லாம் முடிவெடுக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதே உங்கள் வேலை, அதுவும் 40 நிமிடத்துக்குள், கருத்தையும் யோசித்துக்கொண்டு. தொண்ணூறு சரியாகப் போடுகிறவர் இங்கே சறுக்குவதில் அதிசயமே இல்லை. உங்கள் மதிப்பெண்களே இதற்குச் சாட்சி: லிசனிங் 7.5, ரீடிங் 7 என்றால் ஆங்கிலத்தைப் பார்த்தும் கேட்டும் அடையாளம் காணும் திறமை உங்களுக்கு இருக்கிறது. வெளியே எடுத்து எழுதும் திறமைக்குத்தான் பயிற்சி போதவில்லை. நீங்கள் தினமும் பயிற்சி செய்வதோ ஏற்கெனவே இருக்கும் திறமையை.

அந்த முடிவெடுக்கும் இடங்கள் நம் கண்ணில் படாமல் போவதற்குத் தமிழும் ஒரு காரணம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தாய்மொழிக்காரருக்கும் அவரவருக்கான இடங்கள் உண்டு. ஆர்ட்டிகிளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அப்படியொரு சொல்வகையே இல்லை. 'அரசு திட்டம் கொண்டுவந்தது' என்றால் நமக்கு எதுவும் விடுபட்டதாகத் தோன்றாது. அதே பழக்கத்தில் 'கவர்ன்மென்ட் லாஞ்ச்ட் ஸ்கீம்' என்று எழுதினால் ஆங்கிலத்தில் இரண்டு இடங்களில் ஓட்டை. இதைத் தெரிந்துகொண்ட மாணவர் அடுத்து என்ன செய்வார் தெரியுமா? எல்லா இடத்திலும் 'தி' போட்டுவிடுவார். 'தி எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட் ஃபார் தி சொசைட்டி' என்று. பொதுவாகக் கல்வியைப் பற்றிப் பேசும்போது அங்கே 'தி' வராது, சமூகத்துக்கும் வராது. விட்டதும் பிழை, போட்டதும் பிழை. கட்டுரைத் தலைப்புகள் பெரும்பாலும் கல்வி, தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் என்று பொதுப்பொருள்களாக இருப்பதால் இந்தப் பிழை பத்திக்குப் பத்தி வந்து நிற்கும்.

அடுத்தது பன்மை. 'மூன்று புத்தகம் வாங்கினேன்' என்பது பேச்சில் முழுக்கச் சரி. அஃறிணைக்குக் 'கள்' போடுவதும் போடாததும் பல இடங்களில் நம் விருப்பம். ஆங்கிலத்தில் அந்த விருப்பம் கிடையாது. 'தேர் ஆர் மெனி ரீசன்', 'ஒன் ஆஃப் தி மெயின் பிராப்ளம்' என்றெல்லாம் கடைசி 'ஸ்' காணாமல் போவது இதனால்தான். இதற்கு நேர்மாறாக, எண்ண முடியாதவை என்று ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்களுக்கு 'ஸ்' முளைக்கும்: 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'அட்வைசஸ்'. பொறியியல் படித்தவர்கள் 'எக்விப்மென்ட்ஸ்' என்று எழுதாமல் ஒரு கட்டுரையை முடிப்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். லேப் ரெக்கார்டிலேயே அப்படித்தான் பழகியிருக்கிறோம்.

காலம் காட்டும் வினைகளில் தமிழ் நம்மை இன்னும் நுட்பமாக இழுக்கும். 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்பது நல்ல தமிழ். அதை அப்படியே 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்றால் தவறு. முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் அங்கே 'ஹேஸ்' வேலை செய்யாது, 'கேம்' என்றுதான் வர வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கம்: 'இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்'. 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்' என்று எழுதுகிறவருக்கு 'சின்ஸ்', 'ஃபார்' வேறுபாடு தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் விதியைச் சொல்வார். எழுதும் வேகத்தில் தமிழ் வாக்கியம் முந்திக்கொள்கிறது.

மதிப்பெண்ணை அதிகம் பாதிப்பது என் கணக்கில் வாக்கிய அமைப்பு. 'அரசு கொடுக்கும் உதவித்தொகையை நம்பிப் படிக்கும் மாணவர்கள்' என்று சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் கடைசியில் வருகிறார்கள், அவர்களைப் பற்றிய எல்லாத் தகவலும் முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இது தலைகீழ்: 'ஸ்டூடன்ட்ஸ் ஹூ டிபெண்ட் ஆன் தி ஸ்காலர்ஷிப்ஸ் தட் தி கவர்ன்மென்ட் ப்ரொவைட்ஸ்'. பெயர் முதலில், விளக்கம் பின்னால். தமிழில் சர்வசாதாரணமாக நாம் கட்டும் இந்த அடுக்கு, ஆங்கிலத்தில் எழுதும்போது தயக்கத்தைக் கொடுக்கிறது. தயக்கம் வந்தால் மாணவர் என்ன செய்கிறார்? இரண்டாக உடைத்துச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுகிறார். பிழை குறைகிறது, ஆனால் 'சில வகை வாக்கியங்களையே எழுதுகிறார்' என்ற 5-ஆம் பட்டியலுக்குள் போய் விழுகிறார். கோடிட்ட இடத்தை நிரப்பும் எந்தப் பயிற்சியும் இதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அங்கே வாக்கியத்தை ஏற்கெனவே வேறு யாரோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

தமிழ் உதவுகிற இடமும் உண்டு. முதல் பணியில் 'இன்க்ரீஸ்ட் பை 10 பெர்சென்ட்', 'இன்க்ரீஸ்ட் டு 10 பெர்சென்ட்' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. தமிழில் யோசியுங்கள்: 'பத்து சதவீதம் உயர்ந்தது' வேறு, 'பத்து சதவீதமாக உயர்ந்தது' வேறு. முன்னதற்கு 'பை', பின்னதற்கு 'டு'. நமக்கு இந்த வேறுபாடு சின்ன வயதிலிருந்தே தெரியும். யாரும் அதை இதனோடு கோர்த்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதும் அப்படித்தான், தமிழில் அது இன்னும் கறாராகவே உண்டு. ஆங்கிலத்தில் தப்பு வருவது எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஐந்தாறு சொற்கள் புகுந்துகொள்ளும்போதுதான். அதனால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டாம், நீண்ட எழுவாய்களை மட்டும் திரும்பிப் பார்த்தால் போதும்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஆப்பை மூடிவிட்டு, மூன்று கட்டுரைகள் எழுதுங்கள். ஒவ்வொன்றும் 40 நிமிடம், அகராதி இல்லாமல், பிழை திருத்தும் மென்பொருளை அணைத்துவிட்டு. பிறகு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிழை உள்ள இடத்தை அடிக்கோடிட மட்டும் சொல்லுங்கள், திருத்தித் தர வேண்டாம். ஒவ்வொரு அடிக்கோட்டையும் நீங்களே ஒரு நோட்டில் எழுதி, அது என்ன வகை என்று குறியுங்கள்: ஆர்ட்டிகிள், பன்மை, காலம், ப்ரிபொசிஷன், வாக்கிய அமைப்பு, சொல்தேர்வு. நான் பார்த்தவரை ஒருவருடைய பிழைகளில் பெரும்பகுதி நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். இலக்கணப் புத்தகத்தின் நூறு பாடங்களில் உங்களுக்கு வேண்டியது அந்த நான்கைந்துதான். அந்தப் பாடங்களை மட்டும் படியுங்கள், அந்தப் பயிற்சிகளை மட்டும் போடுங்கள். இங்கே ஆப் உதவும், விதியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ள.

அதற்குப் பிறகு கோடு இல்லாத பயிற்சிக்குப் போக வேண்டும். ஆர்ட்டிகிளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இது. நல்ல ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள எல்லா 'ஏ, ஆன், தி'-யையும் நீக்கிவிடுங்கள், இடைவெளி தெரியாதபடி. கம்ப்யூட்டரில் ஒரு நிமிட வேலை. இரண்டு நாள் கழித்து அதை எடுத்து, தேவையான இடங்களில் நீங்களே போட்டு, மூலத்தோடு ஒப்பிடுங்கள். முதல் தடவை எண்ணிக்கை உங்களை அதிரவைக்கும். ஆப்பில் தொண்ணூறு வாங்குகிறவர்கள் இதில் பாதியைத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கே போட வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வேலை இப்போது உங்களுடையது, கட்டுரையில் இருப்பதுபோலவே. பன்மை 'ஸ்'-க்கும் இதேபோல் செய்யலாம்.

வாக்கிய அமைப்புக்கு ஒரு பழைய முறை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ரோஜர் ஆஸ்கம் என்பவர், முதலாம் எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்தவர், லத்தீன் கற்க இதைப் பரிந்துரைத்தார். லத்தீன் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எழுது, கொஞ்ச நேரம் விட்டு அதை மறுபடி லத்தீனுக்குக் கொண்டுவா, மூலத்தோடு ஒப்பிடு. நீங்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், அடுத்த நாள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் செய்யுங்கள். ஐந்தாறு வாக்கியம் போதும். உங்கள் தமிழ் இயல்பான தமிழாக இருக்க வேண்டும். ஆங்கில அமைப்பை ஒட்டியே எழுதினால் பயன் போய்விடும். மூலத்தோடு ஒப்பிடும்போது, எங்கெல்லாம் தமிழ் உங்களை இழுத்தது என்று தனித்தனியாகத் தெரியும். 'டிஸ்கஸ்' என்று மூலத்தில் இருக்கும், நீங்கள் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதியிருப்பீர்கள், ஏனென்றால் தமிழில் 'பற்றி' விவாதிக்கிறோம். மூலத்தில் ஒரே வாக்கியம் இருக்கும், நீங்கள் மூன்றாக உடைத்திருப்பீர்கள். சலிப்பான வேலைதான். ஆனால் விடைத்தாள் உங்கள் கையிலேயே இருப்பதால் ஆசிரியர் தேவையில்லை.

எத்தனை சொல் மனப்பாடம் செய்வது என்ற கேள்விக்கு என் பதில்: புதிதாக அதிகம் வேண்டாம். 2000-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் அவெரில் காக்ஸ்ஹெட் என்பவர், சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட பல்கலைக்கழகப் பாடநூல், கட்டுரைத் தொகுப்பை ஆராய்ந்து 570 சொற்குடும்பங்களை, அதாவது ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகளை, பட்டியலிட்டார். பொதுவான இரண்டாயிரம் சொற்களை விலக்கிவிட்டு, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வருபவை. கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவைதான். அகடெமிக் வேர்ட் லிஸ்ட் என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். எடுத்துப் பாருங்கள். 'அனலைஸ்', 'அஸ்யூம்', 'சிக்னிஃபிகன்ட்' என்று போகும். ரீடிங்கில் 7 வாங்கிய உங்களுக்குப் பெரும்பாலானவை தெரிந்தே இருக்கும். இப்போது ஒவ்வொன்றையும் பார்த்து வேறொரு கேள்வி கேளுங்கள்: போன மாதம் எழுதிய எதிலாவது இந்தச் சொல்லை நான் பயன்படுத்தினேனா? இல்லை என்றால் அதுதான் உங்கள் பட்டியல். முன்பின் தெரியாத 'ப்ளெத்தோரா', 'மிரியட்' வகைச் சொற்களைத் தேடிப் பொறுக்க வேண்டாம். அவை எங்கே பொருந்தும் என்ற உணர்வு இல்லாமல் ஒட்டவைத்தது திருத்துகிறவருக்கு உடனே தெரியும். முழு வாக்கியங்களை உருப்போட்டு எழுதுவது இன்னும் ஆபத்து.

சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள், கூட வரும் சொல்லோடு படியுங்கள். 'ரிசர்ச்' என்றால் அது 'கண்டக்ட்' அல்லது 'கேரி அவுட்' செய்யப்படுகிறது. 'த்ரெட்' என்றால் 'போஸ்' செய்யப்படுகிறது. 'அவேர்னெஸ்' 'ரெய்ஸ்' செய்யப்படுகிறது, நாம் பேச்சில் சொல்வதுபோல் 'கிரியேட்' செய்தாலும் புரியும், ஆனால் 'கிவ்' செய்தால் உறுத்தும். மதிப்பீட்டு விளக்கத்தில் 7-க்குச் சொற்சேர்க்கை பற்றிய ஓரளவு உணர்வு வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மனப்பாடம் செய்யச் சின்ன அட்டைகளில் எழுதும்போது முன்பக்கம் தமிழில் ஒரு முழு வாக்கியம், பின்பக்கம் ஆங்கில வாக்கியம். முன்பக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்தைக் கையால் எழுத வேண்டும். பெரும்பாலான ஆப்கள் ஆங்கிலச் சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்கின்றன. அது மறுபடியும் அடையாளம் காணும் பயிற்சி, உங்களுக்கு வேண்டாத திசை.

இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதும், பார்த்துப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுப்பதும் பலன் தரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலாவதை 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் எழுதிவிட்டார். இரண்டாவதற்கு 2008-இல் கார்ப்பிக்கி, ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் ஸ்வாஹிலி மொழிச் சொற்களை வைத்து அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சோதனை நல்ல உதாரணம். ஒருமுறை தெரிந்துவிட்ட சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வாரம் கழித்து எந்த உதவியும் செய்யவில்லை. திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்து சொன்னதுதான் தங்கியது.

இனி சந்தேகமானவை. பிழைகளைத் திருத்திக் கொடுத்தால் எழுத்து மேம்படுமா என்பதே ஆராய்ச்சியாளர்களிடையே நீண்ட சண்டை. 1996-இல் ஜான் ட்ரஸ்காட், இலக்கணத் திருத்தத்தைக் கைவிட்டுவிடலாம் என்றே எழுதினார். டானா ஃபெரிஸ் அதை மறுத்தார். பிறகு ஜான் பிட்செனர், ஆர்ட்டிகிளின் இரண்டே பயன்பாடுகளை மட்டும் குறிவைத்துத் திருத்தியபோது மாணவர்கள் முன்னேறியதையும், அந்த முன்னேற்றம் நிலைத்ததையும் காட்டினார். கட்டுரை முழுக்கச் சிவப்பு மையால் நிரப்பினால் அதே பலன் கிடைக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு வகைப் பிழைகளை மட்டும் துரத்தச் சொல்கிறேன்.

எத்தனை நாளில் ஏறும் என்பதும் உறுதியாகச் சொல்ல முடியாதது. மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் ஐரோப்பிய அளவுகோலில் ஒரு முழு நிலையைத் தாண்ட, அதாவது பி2-விலிருந்து சி1-க்குப் போக, ஆசிரியர் வழிகாட்டலோடு ஏறக்குறைய 200 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் பொது மதிப்பீடு. நீங்கள் கேட்பது அரை பேண்ட்தான் (ஐயெல்ட்ஸ் மதிப்பெண்ணுக்கு அதுதான் பெயர்), அதுவும் மற்ற திறன்கள் ஏற்கெனவே மேலே இருக்கும்போது. அதனால் அவ்வளவு ஆகாது. ஆனால் 'பத்து நாளில் 7' என்று சுவரொட்டி போடுகிறவர்களை நம்ப வேண்டாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கட்டுரைக்கு பேண்ட் போட்டுத் தருகின்றன. அந்த எண்ணை நான் நம்புவதில்லை, ஒரே கட்டுரைக்கு இரண்டு தடவை கேட்டால் இரண்டு எண் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பிழை எங்கே என்று காட்ட அவை ஓரளவு உதவும். 'இடத்தை மட்டும் காட்டு, திருத்தாதே' என்று கேளுங்கள். முழுக் கட்டுரையையும் மெருகேற்றித் தரச் சொன்னால் அழகான கட்டுரை ஒன்று கிடைக்கும், ஆனால் பயிற்சி அந்தச் செயலிக்குத்தான்.

தேர்வறையில் கடைசி ஐந்து நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்குங்கள். பொதுவாகப் படித்துப் பார்க்காதீர்கள், அப்படிப் படித்தால் நீங்கள் எழுத நினைத்ததுதான் கண்ணுக்குத் தெரியும். உங்கள் நோட்டில் முதலிடம் பிடித்த இரண்டு பிழை வகைகளை மட்டும் தேடிக்கொண்டு போங்கள். ஒருமுறை பெயர்ச்சொற்களில் மட்டும் விரலை வைத்து, ஆர்ட்டிகிள் வேண்டுமா, 'ஸ்' வேண்டுமா என்று. இன்னொரு முறை வினைகளில் மட்டும். வீட்டில் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் இதைச் செய்து பழகியிருந்தால்தான் அங்கே கை தானாகப் போகும்.

ஆப்புக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டீர்கள். கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் மாதம் இரண்டு கட்டுரைகளை ஒழுங்காகப் பார்த்துத் தரக்கூடிய ஒருவரைத் தேடுங்கள். உங்கள் கல்லூரி ஆங்கிலத் துறையில் கேட்டால் பணம் இல்லாமலேயே கூடக் கிடைக்கலாம். இன்னொன்று: கம்ப்யூட்டரில் தேர்வு எழுதியிருந்தால், முதல் தேர்விலிருந்து 60 நாட்களுக்குள் ரைட்டிங்கை மட்டும் திரும்ப எழுதும் ஒன் ஸ்கில் ரீடேக் என்ற வசதி பல நாடுகளில் இருக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்பதில்லை, ஆகவே பணம் கட்டும் முன் நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். அவர்கள் சரி என்றாலும் உடனே தேதி போட்டுவிடாதீர்கள். அடுத்தடுத்து எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளில் உங்கள் முதல் இரண்டு பிழை வகைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். குறைந்திருந்தால் தேதி போடுங்கள். இல்லை என்றால் 60 நாள் போனால் போகட்டும், நான்கு பகுதிகளையும் பிறகு சேர்த்து எழுதிக்கொள்ளலாம், உங்கள் லிசனிங்கும் ரீடிங்கும் இருக்கிற நிலையில் அதில் பெரிய பயமில்லை.